கைதி மீனுக்குக் கந்தசஷ்டி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டே வார்த்தைதான் வேண்டுமென்றால் இதோ: வயிற்றைப் பாருங்கள். உங்கள் வயிற்றைச் சொல்லவில்லை, அதை நீங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். மீனின் வயிற்றைச் சொல்கிறேன். இத்தோடு நிறுத்தினால் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கைத்தொலைபேசியை நோண்டுவீர்கள் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் வடக்கு லண்டனில், எட்மண்டனில், ஒரு மீன் கொட்டகையில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். கறிக்கு வாங்குகிற மீனில்லை. பிலிப்பைன்ஸ், ஹவாய், ஃபிஜி என்று பசிபிக் கரையோரப் பாறைகளில் பிடித்த விரல் நீளச் சின்ன மீன்கள், பிளாஸ்டிக் பைகளில் விமானம் ஏறி வரும். அவற்றைத் தொட்டிகளில் விட்டு, தேற வைத்து, கடைகளுக்கு அனுப்புவது எங்கள் வேலை. கடையில் வாங்குகிறவர்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரைச்சீலைக்குப் பொருத்தமாக மஞ்சளில் நாலு வேண்டுமென்று நேரே கொட்டகைக்கே வந்து நின்ற ஒரு சீமாட்டியை எனக்குத் தெரியும். கொடுத்தோம். அந்த இனம் குஞ்சாக இருக்கும்போதுதான் மஞ்சள், வளர்ந்தால் சாம்பல். வருஷம் திரும்புவதற்குள் அவர் திரும்பி வந்து சண்டை பிடித்தார். திரைச்சீலையை மாற்றுங்கள் அம்மா என்று சொல்லி அனுப்பினேன். அந்த நாளில் என் வாய் அப்படி. இப்போதும் அப்படித்தான், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

நான் மன்னார்க் கரையில் பிறந்த கிறிஸ்தவன். மீனைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற நினைப்பு எனக்கு நிறைய இருந்தது. அங்கே நான் பார்த்த மீனெல்லாம் வலையில் கிடந்த மீன், வாடியில் காய்ந்த மீன், சட்டியில் கொதித்த மீன். உயிரோடு இருக்கிற மீன் காலையில் எழும்பி என்ன செய்யும், எதற்குப் பயப்படும், எதைத் தின்னும் என்று ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. உங்களில் சிலரைப் பார்த்தால் எனக்கு என் ஞாபகம் வருகிறது. அது பாராட்டில்லை.

கொட்டகையின் பின்னறையில் நோய்ப்பட்ட மீன்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆங்கிலப் பெண் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். கிழக்கு லண்டன் பேச்சு, வாயில் எப்போதும் பற்ற வைக்காத ஒரு சிகரெட். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கார்டினல் என்று சொல்கிற சின்னச் சிவப்பு மீன் ஒன்று இரண்டு நாளாய்ச் சாப்பிடவில்லை. தாடை உப்பிக் கிடந்தது. தொண்டை வீங்குகிற நோய் என்று நானே தீர்ப்புச் சொல்லி, வலையால் அள்ளி, மருந்து கலந்த வாளிக்குள் போட்டுவிட்டு, பெருமையோடு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்க்கும்போது மீனின் தாடை சரியாகிவிட்டிருந்தது. வாளிக்கு அடியில் கடுகு மாதிரி ஒரு பிடி முட்டை சிதறிக் கிடந்தது.

"அது தகப்பன், ஜோ" என்றார். "தாய் முட்டையிட்டால் தகப்பன் அதை வாய்க்குள் எடுத்து வைத்துக் காப்பான். குஞ்சு பொரிக்கும்வரை ஒன்றும் தின்னமாட்டான். நீ அவனைப் பயப்படுத்தித் துப்ப வைத்திருக்கிறாய். நல்ல வைத்தியர்."

அன்று முழுக்க என்னை வைத்தியர் என்றே கூப்பிட்டார். நான் அதிலிருந்து பாடம் படித்திருக்க வேண்டும். கார்டினல் மீன் தின்னாவிட்டால் கவலைப்படத் தேவையில்லை என்று மட்டும் படித்தேன். மண்டைக்குள் அவ்வளவுதான் இடம்.

இனித் தில்லையின் கதைக்கு வருகிறேன். தில்லையம்பலம் என்பது முழுப்பெயர். யாழ்ப்பாணத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், அகதியாக வந்து வால்தம்ஸ்டோவில் நாலு பேரோடு ஒரு வீட்டில் அறை பகிர்ந்து இருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். மீன் இறைச்சி தொடாத மரக்கறிக் குடும்பம். மீன்களுக்கு அரைத்துப் போடுகிற பச்சை இறாலை முதன்முதல் கையில் எடுத்த அன்று அவருடைய முகத்தைப் பார்த்து நான் வயிறு நோகச் சிரித்தேன். அவருக்குக் கந்தப்பு வாத்தியார் என்று பட்டம் வைத்து, வாத்தியார் மீன் பிடிக்கப் போனார் என்று ஒரு பாட்டுக் கட்டி, கொட்டகை முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தேன். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு அரைப்பார். ஆங்கிலம் கேட்டால் ஓரளவு விளங்கும், பேச வராது. ஆகவே முதலாளிக்கும் அவருக்கும் நடுவில் நான்தான் வாய்.

அவருடைய மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு, இவருக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி கையெழுத்து வைத்த ஒரு கடிதம் வேண்டும் என்று சொலிசிட்டர் சொல்லியிருந்தார். முதலாளி முன்பு லொறி ஓட்டிய மனிதர். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் நாளைக்கு என்பார். அந்த நாளைக்கு நாலு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு அப்போது ஆறு வயது. கடைசியாக அவர் கண்டபோது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. இதை அவர் யாருக்கும் சொல்லிப் புலம்பியதில்லை. அவருடைய அறைக்காரர் ஒருவர் சொல்லி எனக்குத் தெரியும்.

இந்த நிலையில் ஹவாயிலிருந்து கைதிகள் வந்து இறங்கின. கைதி என்பது நாங்கள் வைத்த பெயர். வெள்ளை உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள், பழைய காலத்துச் சிறைச் சட்டை மாதிரி. உள்ளங்கைக்குள் அடங்குகிற மீன். கூட்டமாகத்தான் திரியும். கரையோரப் பாறைகளில் டாம்சல் என்ற இன்னொரு சின்ன மீன் தனக்கென்று ஒரு பாசித் தோட்டம் வைத்திருக்கும். வேண்டாத பூண்டைக் கடித்துப் பிடுங்கித் துப்பும், எல்லைக்குள் வருகிறவனைக் கடித்துத் துரத்தும். ஒரு கைதி தனியாகப் போனால் உதைதான். இவர்கள் நாற்பது ஐம்பது பேராகப் போய்த் தோட்டத்துக்குள் இறங்கி, அவன் ஒருவனைத் துரத்த மற்றவர்கள் மேய்ந்துவிட்டு வருவார்கள். பொழுது விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை மேய்ச்சல்தான் தொழில். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு பெரிய ஹோட்டல், சுவர் நீளத்துக்குத் தொட்டி கட்டி, முப்பது கைதி கேட்டிருந்தது. முதலாளிக்கு அதில் பெரிய ஆசை. வழியில் சாகிறதற்கும் சேர்த்து ஐம்பது வரவழைத்து, ஆறு தொட்டிகளில் விட்டோம். ஒவ்வொரு தொட்டியிலும் கூடவே இரண்டு மூன்று பிளென்னிகள். கண்ணுக்கு மேல் மயிர்க்குஞ்சம் வைத்துக்கொண்டு, கல்லில் நாடியை ஊன்றி உட்கார்ந்து, ஊர் வம்பு பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கும் மீன் அது. அதுவும் சீப்புப் பல்லால் கல்லில் பாசி சுரண்டித் தின்னுகிற இனம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டுமென்று கல்லெல்லாம் வெள்ளையாகும்வரை தேய்க்கச் சொன்னேன். கண்ணாடியில் ஒரு பொட்டுப் பச்சை விடவில்லை. பிறகு இறாலும் மட்டியும் அரைத்து நாளுக்கு இரண்டு தரம் போடச் சொன்னேன். மீன் என்றால் இறைச்சிதானே தின்னும், தூண்டிலில் கீரையா குத்துகிறோம் என்பது என் ஞானம்.

கைதிகள் மெலிந்தன. முதுகு கத்திபோல் ஆனது. ஒன்றிரண்டாகச் செத்தன. நான் இறாலைக் கூட்டினேன். இன்னும் செத்தன. பிடித்தவன் சரியில்லை, பொதி செய்தவன் சரியில்லை, விமானத்தில் குளிர் என்று முதலாளிக்கு ஒவ்வொரு காலையும் ஒரு கதை சொன்னேன். அவர் என்னை நம்புவதை நிறுத்திக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. பின்னறைக்காரி, அந்த ஆங்கிலப் பெண், இரண்டு வாரம் விடுமுறையில் போயிருந்தார். கேட்க ஆளில்லை. இருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

ஒரு தொட்டிக்கு ஒரு தாள் தொங்கும். திகதி, என்ன உணவு, யார் போட்டது, யார் சொல்லிப் போட்டது. ஆறு தாளும் தில்லையின் பொறுப்பு. யார் சொன்னது என்ற கடைசிக் கட்டத்தில் எப்போதும் என் பெயர்தான் இருக்கும்.

ஐப்பசி முடிகிற குளிர். ஒரு நாள் காலை நான் நாலாம் தொட்டியைக் கடந்து போகும்போது அடியில் மணலுக்கு மேல் பச்சையாகக் கழிவு கிடந்ததைக் கண்டேன். ஐந்திலும் அப்படி. ஆறிலும் அப்படி. தாளைப் பார்த்தேன். ஐந்து நாளாக இறால், இறால், இறால்.

"தில்லை! இஞ்சை வாரும்."

வந்தார். கன்னம் ஒட்டிப்போய், உதடு காய்ந்திருந்தது. அதையும் நான் அப்போதுதான் கண்டேன்.

"உதென்ன பச்சையாக் கிடக்குது?"

தில்லை தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"இறால் திண்ட மீன் பச்சையாவோ போகும்? உம்மடை கையெழுத்துத்தானே இது?"

"ஓம் அண்ணை. என்ரை கையெழுத்துத்தான்."

"அப்ப என்ன போட்டனீர்?"

"ஸ்பினாச் கீரை அண்ணை. சந்தையிலை வாங்கி, சுடுதண்ணியிலை போட்டெடுத்து, கல்லிலை கட்டி விட்டனான்."

"ஏன்?"

"கந்தசஷ்டி அண்ணை. ஆறு நாளும் உபவாசம். மனுசியும் பிள்ளையும் வரவேணும் எண்டு நேர்த்தி. இறாலைத் தொட ஏலாது."

"விரதம் உமக்கோ, மீனுக்கோ?" என்று கத்தினேன். "ஹவாயிலை இருந்து வந்த மீனை யாழ்ப்பாணத்துச் சைவமாக்கிப் போட்டீரோ? என்னட்டை ஒரு சொல்லுச் சொன்னால் நான் வேறை ஆளை விட்டிருப்பன்தானே?"

"சொன்னால் சிரிப்பியள்" என்றார்.

நான் அப்போதும் சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் செமிக்க முடியவில்லை.

உடனே தொட்டி தொட்டியாக மீன்களை எண்ணினேன். நாலாம் தொட்டியில் கைதிகளோடு ஹோக் என்கிற பாறைமீன் ஒன்று இருந்தது. கல் உச்சியில் குந்தியிருந்து கீழே வருவதைப் பாய்ந்து பிடிக்கிற சாதி. அவனுக்குக் கீரை வேண்டாம். தில்லையின் விரதத்தில் சேர விருப்பமில்லாத அந்தப் பேர்வழி கூட இருந்த கோபி என்கிற குட்டி மீன் ஒன்றை விழுங்கியிருந்தான். ஒரு மீன் குறைவு. எனக்கு அது போதும். இத்தனை நாளாகச் செத்த மீன்களுக்கெல்லாம் பழி போட எனக்கு ஒரு தலை தேவைப்பட்டது. மரப்படியில் இரண்டு இரண்டாக ஏறி முதலாளியிடம் போனேன். பொய்த் தாள், பட்டினி, காணாமல் போன மீன் என்று கொட்டித் தீர்த்தேன். அவருடைய முகம் சிவந்தது. "நாளைக் காலை அவனைக் கூட்டிக்கொண்டு மேலே வா" என்றார். மேசையில் சொலிசிட்டர் எழுதி அனுப்பிய தில்லையின் கடிதம் கையெழுத்துக்காகக் கிடந்தது. அதை எடுத்து மறுபக்கம் கவிழ்த்து வைத்தார்.

கீழே இறங்கி வந்தால் பின்னறைக்காரி. விடுமுறை முடிந்து அன்றுதான் வந்திருக்கிறார். கைதித் தொட்டிக்கு முன்னால் குனிந்து நிற்கிறார்.

"இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

"அந்த முட்டாள்தான்" என்றேன். முழுக் கதையையும் சொன்னேன்.

"ஜோ, நீ இன்றைக்கு இந்த மீன்களைப் பார்த்தாயா?"

"கழிவைப் பார்த்தேன். தாளைப் பார்த்தேன். எண்ணினேன்."

"மீனைப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. மேற்பார்வையாளன் என்று பெயர், மீனைத் தவிர எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். இப்போது பார்த்தேன். கைதிகளின் வயிறு உருண்டிருந்தது. முதுகில் சதை பிடிக்கத் தொடங்கியிருந்தது. கல்லில் கட்டிய கீரைத்தண்டைச் சுற்றி எல்லாமாக மொய்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தன. பிளென்னி ஒன்று வாய் நிறையப் பச்சையோடு என்னைப் பார்த்தது. ஐந்து நாளாகக் கைதி ஒன்றுகூடச் சாகவில்லை. அதை எண்ண எனக்குத் தோன்றவில்லை.

"இவை புல் மேய்கிற மாடு" என்றார் அவர். "நீ மாட்டுக்கு இறைச்சி போட்டுக் கொன்றிருக்கிறாய். அந்த முட்டாள் காப்பாற்றியிருக்கிறான்."

எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது பாதிப் பொய். முதலில் வந்தது எரிச்சல். ஒரு சைவக்காரனுக்கு, விரதத்தால், தற்செயலாகத் தெரிந்தது மன்னாரானுக்குத் தெரியவில்லையே என்ற எரிச்சல். வெட்கம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது. பயம் கடைசியாக வந்தது, கவிழ்த்து வைத்த கடிதத்தை நினைத்தபோது. அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது.

அடுத்த நாள் காலை தில்லையும் நானும் மேலே போனோம். தில்லைக்கு விரதத்தின் ஆறாம் நாள். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முதலாளி அவரை நிற்க வைத்து, என்னைப் பார்த்தார்.

"ஏன் பொய் எழுதினான் என்று கேள்."

நான் தமிழில் கேட்டேன். தில்லை என்னைப் பார்க்காமல் நேரே முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: "நான் விரதம். இறாலைத் தொட ஏலாமல் கீரை போட்டன். தாளிலை பொய்யா எழுதினது பிழை. சின்ன மீன் ஒண்டு போனதும் என்னாலைதான். மன்னிக்கச் சொல்லிச் சொல்லுங்கோ அண்ணை."

இப்போது என் முறை. யோசிக்க அரை நிமிஷம்கூட இல்லை. நான் என்னை மகா கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் இப்படி மொழிபெயர்த்தேன்: "கீரை போட்டுப் பார்க்கச் சொன்னது நான்தானாம். தாளை மாற்றச் சொல்ல நான் மறந்துவிட்டேனாம்."

முதலாளி விழித்தார். "நேற்று நீதானே வந்து கத்தினாய்?"

"சொன்னதை மறந்துபோய்க் கத்திவிட்டேன். மீன்கள் தேறிவிட்டன. வந்து பாருங்கள்."

தில்லைக்கு ஆங்கிலம் கேட்டால் விளங்கும் என்று முதலிலேயே சொன்னேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அண்ணை, நான் அப்பிடிச் சொல்லேல்லையே!"

"என்ன சொல்கிறான்?"

"மன்னிப்புக் கேட்கிறான்."

"நோ! நோ சார்!" என்றார் தில்லை.

"நோ என்கிறானே?"

"இனிமேல் செய்யமாட்டேன் என்கிறான்" என்றேன்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கவிழ்ந்து கிடந்த கடிதத்தை நிமிர்த்தினார். நாளைக் காலை தொட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவருடைய நாளைக்கு என்ற சொல்லுக்கு ஒரு நேரம் இருந்தது: எட்டு மணி.

படியில் இறங்கும்போது தில்லை என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"என்ன வேலை பார்த்தனீங்கள் அண்ணை?" என்றார். "ஆறு நாளாப் பச்சைத் தண்ணியோடை கிடக்கிறன். பொய்யிலை வாற கடிதம் எனக்கு வேண்டாம்."

"அப்ப மனுசியையும் பிள்ளையையும் முருகன் பிளேனிலை ஏத்தி விடுவாரோ? விசர்க் கதை கதையாதையும். சும்மா இரும்."

அவர் கையுறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்தேன். ஆறு தாளும் திருத்தியிருந்தது. இறால் என்று இருந்த இடங்களையெல்லாம் ஒற்றைக் கோட்டால் வெட்டி, கொட்டை ஆங்கில எழுத்தில் ஸ்பினாச் என்று எழுதியிருந்தார். நாலாம் தாளின் அடியில் ஒரு கோபி குறைவு என்றும் இருந்தது. கடைசிக் கட்டத்தில், யார் சொல்லிப் போட்டது என்ற இடத்தில், என் பெயரை வெட்டிவிட்டுத் தன் பெயரைப் போட்டிருந்தார். தில்லையம்பலம். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் ஆங்கில எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஐந்து நாள், ஆறு தாள், முப்பது தரம்.

எட்டு மணிக்கு முதலாளி வருவார். என் மேசை லாச்சியில் வெற்றுத் தாள்கள் இருந்தன. எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஸ்பினாச் என்றும் சொன்னது நான் என்றும் புதிதாக எழுதத் தொடங்கினேன். இரண்டாவது தாளின் நடுவில் இருக்கும்போது தில்லை உள்ளே வந்தார். விரதம் முறிக்கிற பாறணையை முடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், நெற்றியில் திருநீறு. நான் எழுதுவதைப் பார்த்தார்.

"கிழியுங்கோ அண்ணை" என்றார், கோபமே இல்லாமல். "நான் திரும்ப எழுதுவன்."

பேனையைக் கீழே வைத்தேன். இந்த மனிதரோடு மல்லுக்கட்ட முடியாது என்று அலுத்துப்போய் வைத்தேன். வேறு உயர்ந்த காரணம் ஒன்றும் இல்லை.

முதலாளி வந்தார். முதலாம் தொட்டியின் தாளை எடுத்து வாசித்தார். மீனைப் பார்த்தார். இரண்டாம் தாள், மூன்றாம் தாள். ஆறையும் வாசித்து முடித்தார். கடைசிக் கட்டத்துப் பெயரை வாய்க்குள் வாசிக்க முயன்று பாதியில் விட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஜோ, இவன் நேற்று உண்மையில் என்ன சொன்னான்? இப்போது சொல்லுக்குச் சொல் சொல்."

சொன்னேன். விரதம், இறால், கீரை, பொய், மன்னிப்பு. ஒன்றும் விடவில்லை.

"இதை முதலிலேயே உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேள்."

கேட்டேன். தில்லை தரையைப் பார்த்தார். சொல்ல விருப்பமில்லை என்பது தெரிந்தது. "அதை விடுங்கோ அண்ணை" என்றார்.

"என்ன சொல்கிறான்?"

அங்கே நான் தப்பியிருக்கலாம். விடுங்கோ என்பதை எப்படி வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம். கைதிகள் வந்த மூன்று வாரத்தில் நான் செய்த முதல் நேர்மையான காரியம் அப்போதுதான் நடந்தது.

"சொன்னால் நான் சிரிப்பேன் என்று பயந்துதான் சொல்லவில்லையாம்" என்றேன். "அது உண்மை. நான் சிரித்திருப்பேன்."

முதலாளி அங்கேயே மீன் தொட்டியின் மூடியில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் நனைந்தது. தில்லை அதை இரண்டு கையாலும் வாங்கினார். நனைந்த ஓரத்தைச் சட்டையில் ஒற்றித் துடைத்தார். முதலாளி என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். எனக்கும் கைகொடுக்கப் போகிறார் என்று நான் என் கையை நீட்டினேன். அவர் மேற்பார்வையாளனின் சாவிக் கொத்தைக் கேட்டார்.

ஆகவே பிள்ளைகளே, என் பிழைகளை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். இறாலைப் போட்டது, பார்க்காமல் காட்டிக் கொடுத்தது, அதை மூடப் பொய் சொன்னது என்று பெரிய பெரியதாக எண்ணுவீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது அந்தச் சிரிப்பு. கூட வேலை செய்கிறவன் உண்மையைச் சொல்ல வருகிற வழியில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் கொட்டகையிலும் யாரோ ஒருவர் உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறார். என்ன என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டார். ஏன் சொல்லவில்லை என்று உங்களையே கேளுங்கள்.

மிஞ்சிய கைதிகளில் முப்பது ஹோட்டலுக்குப் போயின. வசந்தத்தில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் என்ன முகத்தோடு போவது? சாவிக் கொத்து மூன்று மாதம் முதலாளியிடம் கிடந்து, பிறகு தில்லையிடம் போனது. பின்னறைக்காரி அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். கிழக்கு லண்டன் ஆங்கிலம், கேட்கச் சகிக்காது.

மேற்பார்வையாளராக அவர் பொறுப்பெடுத்த முதல் நாள் காலை, நான் ஹோக் மீன்களின் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றார். பழி தீர்க்க வந்திருக்கிறார், பாட்டுப் பாடப்போகிறார் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் பாடியிருப்பேன்.

"அண்ணை, வெள்ளிக்கிழமையிலை இறால் நீங்கள் அரைக்க ஏலுமோ?" என்றார். "நீங்கள் வேதக்காரர். உங்களுக்குப் பாதகமில்லை."

"ஓம்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை இறாலை அரைத்து ஹோக் மீன்களுக்குப் போட்டுவிட்டுத் தாளை நிரப்பினேன். யார் சொல்லிப் போட்டது என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனை நின்றுவிட்டது. நாலு வருஷம் கூட வேலை செய்த மனிதரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. போய் அவரிடமே கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், நான் எழுதினேன்.